ஆக்டிவ் மீள்பொருளில் அலையைப் படிக்க எது சரி: சிமுலேஷனா, சமன்பாடா, ரோபோவா, உயிரணுவா?

இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தட்டினால் அதிர்வு மறுமுனைக்கு ஓடும். ஓட ஓடத் தேயும். கம்பி தன் பங்குக்கு எதையும் சேர்ப்பதில்லை. ஆக்டிவ் மீள்பொருள் வேறு ரகம். அதன் ஒவ்வொரு துண்டும் உள்ளுக்குள் ஆற்றலைச் செலவழித்துத் தானாகவே தள்ளும், இழுக்கும், சுழலும். அந்தத் துண்டுகளை மீள்தன்மையுள்ள இணைப்புகள் ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கும். செல்களின் படலம், பாக்டீரியாப் படலம், மோட்டார் பூட்டிய ரோபோச் சங்கிலி எல்லாம் இந்த வகைதான். இவற்றில் அலை தேயாமல் ஓடலாம், போகப்போகப் பெருகலாம், ஒரு திசையில் மட்டும் போகலாம். யாரும் தட்டாமலே கிளம்பவும் செய்யலாம்.

இந்தத் துறைக்குள் நுழைகிற மாணவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சிக்குகிறார்கள். துகள்-ஸ்பிரிங் சிமுலேஷனில் தொடங்குவதா, பொருளை இடைவெளியில்லாத படலமாகப் பார்க்கும் தொடர்மச் சமன்பாட்டைப் பிடிப்பதா, மேசை மேல் ரோபோக்களை அடுக்குவதா, உயிருள்ள மாதிரிக்குப் போவதா? வழிகாட்டி என்ன செய்கிறாரோ அதையே செய்துவிடுவது வழக்கம். அதில் தப்பில்லை. ஆனால் நான்கில் ஒவ்வொன்றும் சில கேள்விகளுக்கு நல்ல பதிலும் வேறு சில கேள்விகளுக்குப் பொய்யான பதிலும் தரும். எது எங்கே பொய் சொல்லும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஒரு வருடம் மிச்சமாகும்.

## எதை வைத்து எடை போடுவது

நான் முதலில் பார்ப்பது இரண்டு விஷயங்கள்: உராய்வு எவ்வளவு, ஓரம் எப்படிப்பட்டது. பணம், காலம், திறமை எல்லாம் அப்புறம். இவை இரண்டையும் முன்னே வைப்பதன் காரணம் ஓர் எளிய சங்கிலியிலேயே தெரிந்துவிடும். தாளும் பேனாவும் போதும்.

ஒரே நிறையுள்ள மணிகள் வரிசையாக நிற்கின்றன, பக்கத்து மணிகளுக்கு இடையே ஸ்பிரிங். சாதாரணச் சங்கிலியில் இடப்பக்கத்து மணியும் வலப்பக்கத்து மணியும் நம் மணியை ஒரே பலத்தோடுதான் இழுக்கும். இப்போது ஒரு சாய்வைச் சேர்ப்போம்: இடப்பக்க இழுப்பை 1.5 மடங்காகவும் வலப்பக்க இழுப்பை 0.5 மடங்காகவும் மாற்றுகிறோம். சாய்வின் அளவு 0.5. நியூட்டனின் மூன்றாம் விதி இங்கே நிற்காது. அதற்கான ஆற்றலை மோட்டாரோ பேட்டரியோ, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறோ தரவேண்டும், அதற்கான உந்தத்தைத் தரையோ சுற்றியிருக்கும் திரவமோ வாங்கிக்கொள்ள வேண்டும்.

உராய்வு இல்லை, இரண்டு முனைகளும் திறந்த நேர்ச் சங்கிலி என்று வைத்துக்கொள்ளுங்கள். இடமுனையை, சங்கிலியில் அலை ஓடக்கூடிய வரம்புக்குள் உள்ள ஓர் அதிர்வெண்ணில் ஆட்டினால், வலப்பக்கம் போகும் அலையின் வீச்சு ஒவ்வொரு மணிக்கும் மூன்றின் வர்க்கமூலம் மடங்கு, அதாவது சுமார் 1.73 மடங்கு பெருகும். பத்து மணி தாண்டினால் 243 மடங்கு. வலமுனையிலிருந்து ஆட்டினால் அதே கணக்கு தலைகீழாகும், அலை பத்தாவது மணிக்கு முன்பே காணாமல் போய்விடும். இவ்வளவு பெருக்கம் இருந்தும் இந்த நேர்ச் சங்கிலி தானாக வெடிப்பதில்லை. முனைகளைப் பிடித்து வைத்துக் கணக்குப் போட்டால் அதன் அதிர்வெண்கள் எல்லாம் மெய்யெண்கள்தான்.

அதே மணிகளை அதே ஸ்பிரிங்கோடு வளையமாகக் கட்டுங்கள். கதை மாறிவிடும். அதிர்வெண்கள் சிக்கலெண்கள் ஆகும், ஒரு சிறு அசைவு சுற்றிச் சுற்றி வந்து பெருகிப் பெருகி எல்லை கடந்துவிடும். இதை அடக்க உராய்வு வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதற்கும் துல்லியமான விடை இருக்கிறது: உராய்வுக் கெழு, சாய்வின் இரு மடங்கை (நிறை × ஸ்பிரிங் மாறிலி) என்பதன் வர்க்கமூலத்தால் பெருக்கி வரும் எண்ணைவிடப் பெரியதாக இருக்கவேண்டும். இந்தச் சமனின்மையைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் இன்னும் அழகான பொருள் கிடைக்கிறது. உராய்வு மேலோங்கிய நிலையில் சாய்வு ஒரு துடிப்பைத் தள்ளிக்கொண்டு போகும் வேகம் ஒன்று உண்டு. சாதாரண மீள்தன்மை அலையின் வேகம் ஒன்று உண்டு. முதல் வேகம் இரண்டாவதைத் தாண்டாதவரை வளையம் அமைதியாக இருக்கும். தாண்டினால் வெடிக்கும்.

உராய்வு முழுக்க மேலோங்கி நிலைமம் எடுபடாமல் போனால், அதே சாய்வு 0.5 கொண்ட சங்கிலி மூன்றாவது ஒரு முகம் காட்டும். துடிப்பு வலப்பக்கம் நகரும், பெருகாது. நகரும்போதே அகன்றுகொண்டு போகும். நூறு மணி தாண்டும்போது அதன் அகலம் சுமார் 14 மணி. கிட்டத்தட்ட ஒரு பக்கம் சாய்ந்த தற்போக்கு நடையின் (random walk) கணக்கேதான்.

ஆக, ஒரே சாய்வு, மூன்று பதில்கள்: பெருகும், வெடிக்கும், நகர்ந்து பரவும். மாறியவை உராய்வும் ஓரமும் மட்டுமே. நீங்கள் தேர்ந்தெடுக்கும் முறை இவை இரண்டையும் உங்கள் கையில் விடுகிறதா, இல்லை உங்களுக்குத் தெரியாமலே ஒன்றைத் தீர்மானித்துவிடுகிறதா என்பதுதான் என் முதல் அளவுகோல்.

மற்ற மூன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, அளவு: ஒவ்வொரு துகளும் தன் திசையை எவ்வளவு நேரம் மறக்காமல் வைத்திருக்கிறதோ அதைப் பொறுத்து, அசைவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் தூரம் அமையும். உராய்வு மேலோங்கிய வலையில் அந்தத் தூரம், நினைவுக் காலத்தை மீட்சிக் காலத்தால் (இழுபட்ட ஸ்பிரிங் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம்) வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலம் போல வளரும். விகிதம் 100 என்றால் சுமார் பத்துத் துகள் தூரம். உங்கள் மாதிரி அதைவிடப் பல மடங்கு பெரியதாக இல்லையென்றால் நீங்கள் அளப்பது பொருளை அல்ல, பெட்டியை. இரண்டு, சரிபார்ப்பு: ஆற்றல் மாறாமை என்ற பழைய காவல்காரர் இங்கே வேலைக்கு வரமாட்டார், வேறு எதை வைத்துப் பிழையைப் பிடிப்பீர்கள்? மூன்று, கைச்செலவும் நாட்செலவும்.

## துகளும் ஸ்பிரிங்கும்: கணினி மாதிரி

துகள்களின் கூட்டு நடத்தைக்கு 1995-இல் வந்த விக்செக் மாதிரி ஒரு பெரிய தொடக்கம். அதில் ஒவ்வொரு துகளும் அண்டை வீட்டாரின் திசையைப் பார்த்துத் தன் திசையைச் சரிசெய்துகொள்ளும். மீள்பொருளுக்கு வரும்போது அந்த 'பார்த்துச் சரிசெய்தல்' தேவையே இல்லை என்று 2013-இல் ஃபெரான்டே, துர்குட், டோரிகோ, ஹூபே ஆகியோர் காட்டினார்கள். துகள்களை ஸ்பிரிங்கால் இணைத்துவிட்டால் போதும். விசை பட்ட பக்கம் திரும்பும் பழக்கம் மட்டும் இருந்தால், ஆற்றல் மெல்ல மெல்லத் தாழ்ந்த அதிர்வு முறைகளுக்கு இறங்கி, முழுத் தாளும் ஒரே திசையில் நகரத் தொடங்கிவிடும்.

நன்மை வெளிப்படையானது. ஓரத்தைத் திறந்து வைக்கலாம், பிடித்து வைக்கலாம், வளையமாக்கலாம். உராய்வை ஒரே எண்ணில் மாற்றலாம். ஆயிரம் துகளுக்குப் பைத்தானும் ஒரு லேப்டாப்பும் போதும். ஒரு துகளைப் பிடுங்கிவிட்டு அலை அந்த ஓட்டையைச் சுற்றிப் போகிறதா என்று பார்ப்பது வேறு எந்த முறையிலும் இவ்வளவு சுலபமில்லை.

மறைவான செலவுகளுக்கு வருவோம். பெரும்பாலோர் பழக்கத்தில், ஒரு ஓரத்தை எதிர் ஓரத்தோடு ஒட்டிவிடும் சுற்று எல்லையைப் போட்டுவிடுவார்கள், 'ஓர விளைவு வேண்டாம்' என்று. சமநிலைப் பொருளுக்கு அது நல்ல பழக்கம். இங்கே அது மேலே பார்த்த வளையத்தைக் கட்டிவிடுகிறது. திறந்த மாதிரியில் இல்லாத நிலையின்மை ஒன்று முளைக்கும், நீங்கள் அதைப் புதிய இயற்பியல் என்று எழுதிவிடுவீர்கள்.

லாம்ப்ஸ் (LAMMPS) போன்ற தயார் சிமுலேஷன் மென்பொருள்கள் ஜோடி விசையை ஒரு முறை கணக்கிட்டு, சமமாகவும் எதிராகவும் இரண்டு துகள்களுக்கும் பகிர்ந்துவிடும் வழக்கத்தில் எழுதப்பட்டவை. சாய்வுள்ள விசையை அதில் அப்படியே திணித்தால், பிழைச் செய்தி எதுவும் வராது. விடை மட்டும் தப்பாக வரும். சொந்தமாக விசைப் பகுதியை எழுதத்தான் வேண்டும். சிமுலேஷன் அடிக்கு அடி தாண்டும் கால இடைவெளியும் ஒரு கண்ணி. உராய்வு மேலோங்கிய சங்கிலிக்கு எளிய ஆய்லர் முறை, உராய்வுக் கெழுவை இரு மடங்கு ஸ்பிரிங் மாறிலியால் வகுத்து வரும் காலத்தைத் தாண்டினால் சிதறிவிடும். சாதாரணப் பொருளில் 'ஐயோ, ஆற்றல் ஏறுகிறதே' என்று உடனே பிடித்துவிடலாம். இங்கே ஆற்றல் ஏறுவதுதான் இயல்பு, அதனால் சிதறலையும் செயலூக்கத்தையும் (துகள்கள் தாமாகச் செலுத்தும் விசையையும்) பிரித்துப் பார்ப்பது கடினம். ஒரே வழி: கால இடைவெளியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள், செயலூக்கத்தைச் சுழியாக்கி, அதிர்வெண்ணுக்கும் அலைநீளத்துக்கும் உள்ள பாடப்புத்தக உறவு திரும்ப வருகிறதா என்று பாருங்கள். இரண்டையும் செய்யாத சிமுலேஷனை நான் நம்புவதில்லை.

எப்போது எடுக்கலாம்? ஒழுங்கின்மை, ஓட்டை, உடைந்த இணைப்பு, ஓரத்தின் வடிவம் ஆகியவை உங்கள் கேள்வியின் மையம் என்றால் இதுதான். பெரிய வீச்சில் நேரியல் தன்மை போய்விடும் இடத்திலும் இதுதான்.

## சமன்பாடு: தொடர்மக் கோட்பாடு

துகள்களை மறந்துவிட்டு, பொருளை இடைவெளியில்லாத ஒரு படலமாகப் பாவித்து, சமச்சீர்மை அனுமதிக்கும் எல்லா உறுப்புகளையும் எழுதுவது இந்த வழி. 2020-இல் காலின் ஷைப்னர், வின்சென்சோ விடெல்லி உள்ளிட்டோர் நேச்சர் பிசிக்ஸ் இதழில் முன்வைத்த ஆட் எலாஸ்டிசிட்டி (odd elasticity, ஆற்றல் மாறாமைக்குக் கட்டுப்படாத மீள்தன்மை) இதன் நல்ல உதாரணம். சாதாரண இருபரிமாண மீள்பொருளுக்குப் பருமக் குணகம், விறைப்புக் குணகம் என்று இரண்டு எண்கள் போதும். ஆற்றல் மாறாமைக்குக் கட்டுப்படத் தேவையில்லை என்றால் இன்னும் இரண்டு எண்கள் உள்ளே வரும். ஒன்று, சுருக்கினால் திருகும். மற்றது, ஒரு வகைச் சறுக்கலை இன்னொரு வகைச் சறுக்கலோடு சாய்வாகப் பிணைக்கும்; இதைத்தான் கீழே ஆட் குணகம் என்கிறேன். இப்படிப்பட்ட பொருளை ஒரு சுற்று நெளித்துத் தொடங்கிய வடிவத்துக்கே கொண்டுவந்தால், கையில் வேலை மிஞ்சும் அல்லது செலவாகும். நெளிவுகளை அச்சுகளாக வைத்து வரைந்த படத்தில் அந்தச் சுற்று அடைக்கும் பரப்பளவுக்கு ஏற்ப அந்த வேலை கூடும்.

அலைக்கு இதில் என்ன? நிலைமமே இல்லாத, உராய்வில் மூழ்கிய பொருளிலும் அலை ஓடலாம். சுருக்கினால் திருகும் எண் சுழி என்று எடுத்துக்கொண்டால், நிபந்தனை ஒரு வரியில் அடங்கும்: ஆட் குணகம் பருமக் குணகத்தின் பாதியைத் தாண்டவேண்டும். சுருக்கவே முடியாத பொருளில் பருமக் குணகம் மிகப் பெரிது, ஆகவே அங்கே இந்த அலை வராது. சிமுலேஷனை மாதக்கணக்கில் ஓட்டினாலும் இவ்வளவு தெளிவான வாக்கியம் கிடைக்காது.

இங்கே ஒரு நிமிடம் நின்று எண்களைப் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் 'அலை ஓடும்' என்ற சொல் ஆளை ஏமாற்றும். பருமக் குணகம் 1, விறைப்புக் குணகம் 1, ஆட் குணகம் 2 என்று வையுங்கள். நிபந்தனை தாராளமாக நிறைவேறுகிறது. ஆனால் ஒரே ஒரு அதிர்வுக்குள் வீச்சு 0.8 சதவீதமாகச் சுருங்கிவிடும். ஆட் குணகத்தை 10 ஆக்கினாலும் ஓர் அதிர்வுக்கு 39 சதவீதம்தான் மிஞ்சும். அலைநீளத்தை மாற்றிப் பயனில்லை. அதிர்வெண்ணும் தேய்வு வீதமும் இரண்டுமே அலைநீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால் விகிதம் அப்படியே நிற்கும். எனவே சோதனையில் நீடித்து ஓடும் அலையைப் பார்த்துவிட்டு 'நேரியல் ஆட் அலை' என்று பெயர் சூட்டுவதற்கு முன் யோசிக்கவேண்டும். திருகு எண் சேர்ந்து நிலையின்மையை உண்டாக்கியிருக்கலாம், இரைச்சல் ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கலாம், நேரியலற்ற விளைவு வீச்சைத் தாங்கிப் பிடித்திருக்கலாம்.

இந்த வழியின் மறைவான செலவு, குணகங்கள் எங்கிருந்து வரும் என்பது. சமச்சீர்மை 'இப்படி ஒரு உறுப்பு இருக்கலாம்' என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. அலைநீளம் துகள் இடைவெளியை நெருங்கினால் படலம் என்ற பாவனையே உடையும். ஓர நிபந்தனையும் தானாக வருவதில்லை. பெருக்கமும் தேங்கலும் ஓரத்தில்தான் நடக்கின்றன என்பதால் அது சில்லறை விஷயமில்லை. கணினியில் தீர்க்கப் போனால் இன்னொன்று: பொருளைச் சிறு துண்டுகளாக வெட்டித் தீர்க்கும் வரம்புறு உறுப்பு (finite element) மென்பொருள்கள் பல, விறைப்பு அணி (matrix) சமச்சீரானது என்று நம்பிப் பாதி அணியை மட்டும் சேமித்து, அதற்கேற்ற தீர்வு முறையைப் பயன்படுத்தும். இங்கே அணி சமச்சீரற்றது. சமச்சீரற்ற அணியையும் தீர்க்கும் ஜிஎம்ரெஸ் (GMRES) போன்ற பொது முறைக்கு மாற்றவில்லை என்றால் விடை தவறாகும். ஒவ்வொரு அதிர்வு முறையும் தேயுமா பெருகுமா என்று காட்டும் ஐகன் மதிப்புகள் எல்லாம் 'தேயும்' என்று சொன்னாலும் நிம்மதி கூடாது. ஐகன் திசைகள் செங்குத்தாக இல்லாததால் இடையில் வீச்சு பல மடங்கு ஏறி அப்புறம்தான் இறங்கலாம்.

இருந்தாலும் சில இடங்களில் இதைத் தவிர வேறு வழியே இல்லை. பாம்ப்லோனா நகரின் சான் ஃபெர்மின் விழாவில் நெருக்கியடித்து நிற்கும் ஆயிரக்கணக்கானோரைப் படமெடுத்து, டெனிஸ் பார்தோலோ குழு 2025-இல் நேச்சர் இதழில் வெளியிட்டதைப் பாருங்கள். அடர்த்தி ஓர் எல்லையைத் தாண்டியதும், யாரும் ஒருங்கிணைக்காமலே நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து சுமார் 18 நொடிக்கு ஒரு சுற்று என்று வட்டமிடுகிறார்கள். மனிதர் ஒவ்வொருவருக்கும் என்ன ஸ்பிரிங் மாறிலி போடுவீர்கள்? கூட்டத்தைத் தொடர்மப் படலமாக எடுத்துக்கொண்டதால்தான் அந்தக் கணக்கு நகர்ந்தது.

## மேசை மேல் ரோபோ

இந்தப் பிரிவுக்குள்ளேயே இரண்டு ரகங்கள் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் ரகம் மலிவானது. ஹெக்ஸ்பக் என்ற அதிரும் பொம்மைப் பூச்சியை ஒரு வளையத்துக்குள் அடைத்து, வளையங்களை ஸ்பிரிங்கால் வலையாகக் கட்டுவது. 2022-இல் பாக்கோனியே, டோஷோ, குலே உள்ளிட்டோர் செய்தது இதுதான். பூச்சிக்கு ஒரு குணம் உண்டு: வளையம் எந்தப் பக்கம் இழுபடுகிறதோ அந்தப் பக்கம் மெல்லத் திரும்பும். இரண்டு நீளங்களின் விகிதம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒன்று, பூச்சியின் தள்ளல் ஸ்பிரிங்கை எவ்வளவு நீட்டும் என்பது. மற்றது, அது திரும்புவதற்கு எவ்வளவு தூரம் இழுபட வேண்டும் என்பது. விகிதம் போதிய அளவுக்குக் கீழே இருந்தால் பூச்சிகள் ஆளுக்கொரு திசையில் முட்டிக்கொண்டு உறைந்து நிற்கும். மேலே போனால் வலை முழுவதும் சேர்ந்து வட்டமிடத் தொடங்கும்.

ஒற்றைப் பூச்சியை ஒற்றை ஸ்பிரிங்கில் கட்டிய கணக்கில் அந்த எல்லை சரியாக 1. அதைத் தாண்டியதும் சுழல் வேகம் (விகிதம் − 1) என்பதன் வர்க்கமூலம். இதில் ஒரு நடைமுறைச் சேதி ஒளிந்திருக்கிறது. விகிதம் 2 என்றால் ஒரு சுற்றுக்கு மீட்சிக் காலத்தைப் போல் சுமார் 6 மடங்கு நேரம் ஆகும், 1.01 என்றால் சுமார் 63 மடங்கு. எல்லைக்கு அருகே அளக்க நினைப்பவர் பொறுமையாக நீண்ட நேரம் படமெடுக்கவேண்டும். ஆனால் பூச்சிக்குள் இருப்பது பட்டன் பேட்டரி, அது அதற்குள் இறங்கிக்கொண்டே வரும். அதாவது நீங்கள் அளக்கும்போதே உங்கள் விகிதம் நகர்கிறது. பூச்சிக்குப் பூச்சி வேகமும் வித்தியாசப்படும். கடையில் வாங்கியதை அப்படியே வலையில் கட்டாமல், ஒவ்வொன்றையும் தனியே ஓடவிட்டுத் தரம் பிரிப்பது அலுப்பான வேலைதான், தவிர்க்க முடியாது.

இரண்டாவது ரகம் ரோபோச் சங்கிலி: ஒவ்வொரு கண்ணியிலும் மோட்டார், கோண உணரி, சிறு கட்டுப்பாட்டுச் சில்லு. பக்கத்துக் கண்ணியின் கோணத்தைப் படித்து, விரும்பிய சாய்வோடு திருப்புவிசை கொடுக்கும். பிரான்டன்பூர்கர், குலே உள்ளிட்டோர் 2019-இல் இப்படி ஒன்றைக் கட்டி, ஒரு திசையில் பெருகி மறு திசையில் தேயும் அலையை நேரடியாகக் காட்டினார்கள். முதல் பகுதியில் பார்த்த தாள்-பேனாச் சங்கிலிக்கு உருவம் கொடுத்தது போலத்தான். சாய்வு என்பது இங்கே நிரலில் ஒரு எண். மாலைக்குள் பத்து மதிப்புகளை முயன்று பார்க்கலாம்.

இதில் என்னைப் பயமுறுத்தும் மறைவான செலவு தாமதம். உணரி படித்து, சில்லு கணக்கிட்டு, மோட்டார் எழுந்து வர ஒரு சில மில்லிநொடி ஆகும். தாமதமாக வரும் மீட்பு விசையை விரித்து எழுதினால் அது எதிர்மறை உராய்வாக வேஷம் போடும். அளவு, ஸ்பிரிங் மாறிலி பெருக்கல் தாமதம். அப்போது அலை பெருகுவது உங்கள் சாய்வாலா, சில்லின் சோம்பலாலா? சாய்வைச் சுழியாக்கி, மோட்டார்களை ஓடவிட்டு, வெறும் மீட்பு விசையை மட்டும் நிரலால் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் பெருகினால் குற்றவாளி தாமதம். அடுத்தது மோட்டாரின் உச்ச விசை. 243 மடங்கு பெருக்கம் என்பது தாளில்தான். மோட்டார் எட்டாவது கண்ணியிலேயே மூச்சுவிட முடியாமல் நின்றுவிடும், வீச்சு தட்டையாகும். அதையே கேள்வியாக்கினால் சுவாரசியம்தான், வடிவம் மாறாமல் ஓடும் சாலிடன் அலைகள் பக்கம் போகலாம். நேரியல் கணக்கோடு ஒப்பிட நினைத்தால் தொல்லை.

கண்ணிகளின் எண்ணிக்கை பத்துகளில்தான் இருக்கும் என்பதால், ஒத்துப்போகும் தூரம் நீளமான கேள்விகளுக்கு இது ஆகாது. ஆனால் ஓரத்தை உங்கள் கையால் தொட்டு, பிடித்து, விட்டுப் பார்க்கக்கூடிய முறை இது ஒன்றுதான். கட்டுரையின் நடுவர், 'இது உங்கள் நிரலின் பிழை' என்று சொல்லமுடியாத முறையும் இதுவே.

## உயிருள்ள மாதிரி

நட்சத்திர மீன் கருக்கள் நீர்ப்பரப்பில் சுழன்றுகொண்டே ஒன்றையொன்று இழுத்து, ஆயிரக்கணக்கில் கூடி, அறுகோணப் படிகமாக அடுக்கிக்கொள்ளும். எம்ஐடியில் நிக்டா ஃபக்ரி குழு 2022-இல் இதில் உராய்வு மேலோங்கிய இடப்பெயர்ச்சி அலைகளைக் கண்டு, ஆட் எலாஸ்டிசிட்டியோடு பொருத்திக் காட்டியது. செல் படலத்துக்கு முன்னோடி 2012-இல் பார்சிலோனாவில் சேவியர் ட்ரெபாட் குழு செய்தது. தடுப்பை எடுத்ததும் படலம் விரியத் தொடங்கும், ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒரு மெக்கானிகல் அலை மணிக்கணக்கில் ஊர்ந்து போகும். ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2023-இல் பாக்டீரியாப் படலத்திலும் தானாக எழும் அலைகளைக் காட்டியது.

இங்கே செலவுகள் மறைவாக இல்லை, வாசலிலேயே நிற்கின்றன: வளர்ப்பு வசதி, மாசு, நுண்ணோக்கி நேரம். மறைந்திருப்பது வேறு. கரு வளர்ந்துகொண்டே இருக்கிறது. வடிவம் மாற மாறச் சுழற்சியும் இழுவையும் மாறும், கடைசியில் படிகமே கலைந்துவிடும். காலையில் அளந்த குணகம் மாலைக்குச் செல்லாது. செல் படலத்திலோ, நீங்கள் பார்ப்பது இழுவிசை அலையா, அல்லது ஈஆர்கே போன்ற சமிக்ஞைப் புரதத்தின் வேதி அலை முன்னே போக விசை அதன் பின்னே போகிறதா என்ற கேள்வி எப்போதும் தொங்கும். 2020, 2021-இல் வந்த ஹினோ, பூகாக், ஹனேசோ உள்ளிட்டோரின் வேலைகள் இரண்டும் ஒன்றையொன்று ஊட்டுகின்றன என்று காட்டின. அந்தப் புரதத்தை மருந்தால் அடக்கிப் பார்க்கும் வசதி இல்லாமல் இந்தப் பாதையில் இறங்கவேண்டாம். உராய்வை உங்களால் மாற்றமுடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள். அடித்தளத்தின் மென்மையை மாற்றலாம், ஆனால் செல் அதையும் உணர்ந்து தன்னை மாற்றிக்கொள்ளும்.

காயம் ஆறுவது, கரு உருவாவது என்று உயிரியல் கேள்வியே உங்கள் கேள்வி என்றால் இதற்கு மாற்று கிடையாது. 'ஆட் அலைக்கு ஒரு உதாரணம் வேண்டும்' என்பது மட்டும்தான் நோக்கம் என்றால், ரோபோவிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| எதைப் பார்ப்பது | துகள்-ஸ்பிரிங் | தொடர்மம் | ரோபோ | உயிருள்ள மாதிரி |
|---|---|---|---|---|
| உராய்வை மாற்றுவது | ஒரே எண் | ஒரே எண் | ஓரளவு | கிட்டத்தட்ட முடியாது |
| ஓரத்தை மாற்றுவது | மிகச் சுலபம் | எழுதலாம், நியாயப்படுத்துவது கடினம் | கையால் | தடுப்பு வைக்கும் அளவுக்கு |
| எத்தனை துண்டுகள் | ஆயிரம் முதல் லட்சம் | வரம்பில்லை | பத்துகளில் | நூறு முதல் ஆயிரங்கள் |
| சிக்கவைக்கும் இடம் | சுற்று எல்லை, கால இடைவெளி | குணகம் தெரியாது, சமச்சீர் தீர்வு முறை | தாமதம், பேட்டரி | வயது, வேதி அலை |
| முதல் முடிவு வர | வாரங்கள் | வாரங்கள், கணிதம் கைவந்தால் | மாதங்கள் | ஒரு வருடத்துக்குக் குறையாது |

கடைசி வரிசை என் மதிப்பீடு; ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும்.

## யாருக்கு எது

எம்எஸ்சி திட்டத்துக்கு ஆறு மாதம்தான் இருக்கிறது என்பவர் யோசிக்கவே வேண்டாம், துகள்-ஸ்பிரிங்தான். ஆனால் முதல் வாரம் கணினியைத் தொடாமல் ஒருபரிமாணச் சங்கிலியைத் தாளில் முடியுங்கள். மேலே சொன்ன 1.73-உம், வளையத்தை அடக்கும் உராய்வு எல்லையும் உங்கள் நிரல் பாஸாக வேண்டிய பரீட்சைகள். அவை வராத நிரலில் இருபரிமாண வலையை ஓட்டி அழகான படம் எடுத்துப் பயனில்லை.

முனைவர் பட்டத்துக்கு வருபவர், கணிதத்தில் பயமில்லாதவர் என்றால் தொடர்மத்தில் தொடங்கலாம். ஆனால் ஒரு சிறிய துகள் மாதிரியைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், குணகங்களை அதிலிருந்து எடுக்க. தொடர்மத்தை மட்டும் வைத்து மூன்று வருடம் ஓட்டியவர்களின் கட்டுரைகளில் எல்லாக் குணகங்களுக்கும் 1 என்று மதிப்பு போட்டிருப்பதைப் பார்க்கலாம். படிக்க நன்றாக இருக்கும், எந்தச் சோதனைக்காரராலும் பயன்படுத்த முடியாது.

எந்திரவியல் பின்னணி, கையில் சாலிடரிங் பழக்கம் உள்ளவருக்கு ரோபோச் சங்கிலி. எட்டு கண்ணியில் தொடங்குங்கள், தாமதத்தை முதலில் அளந்து எழுதிவையுங்கள், அப்புறம் சாய்வைச் சேருங்கள். கருவி செய்ய ஆள் இல்லாத துறையில் ஹெக்ஸ்பக் வலை நல்ல மாற்று; கேமராவும் துகள் தடம்பிடிக்கும் நிரலும் இருந்தால் போதும். ஆனால் அதில் கேட்கக்கூடியது கூட்டுச் சுழற்சி பற்றிய கேள்வி, ஒரு திசையில் பெருகும் அலை பற்றியது அல்ல. இரண்டுக்கும் பின்னால் இருக்கும் இயக்கம் வேறு.

உயிருள்ள மாதிரியைத் தனியாக எடுக்கவேண்டாம். உயிரியல் ஆய்வகம் ஒன்றோடு சேர்ந்து, அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் காணொளிகளைக் கேட்டு வாங்கி, இடப்பெயர்ச்சிப் புலத்தைப் பிரித்தெடுப்பதில் தொடங்குவது நடைமுறைக்கு உகந்தது. அதில் அலை தெரிந்தால், ஓரத்திலிருந்து கிளம்புகிறதா நடுவிலிருந்தா, அதிர்வெண் அலைநீளத்தோடு எப்படி மாறுகிறது என்று இரண்டை மட்டும் அளந்து பாருங்கள். அலைநீளம் பாதியாகும்போது அதிர்வெண் இரட்டிப்பானால் சாதாரண அலைபோல வேகம் மாறாத ஒன்று; நான்கு மடங்கானால் ஆட் அலையைச் சந்தேகிக்கலாம்; அசையாமல் ஒரே இடத்தில் நின்றால், ஒவ்வொரு செல்லும் சொந்தக் கடிகாரத்தில் துடிக்கிறது, மீள்தன்மை அதைச் சேர்த்துக் கட்டுகிறது, அவ்வளவுதான். இந்த மூன்றில் எது என்று தெரிந்த பிறகு எந்த மாதிரியைக் கட்டுவது என்று யாரையும் கேட்கவேண்டியிருக்காது.